மட்டை இல்லாத ஊரில் தட்டு இயந்திரம்

ஒரு கிராமத்துக்கு ஏற்ற தொழில் எது என்று கண்டறியப் புறப்படும் அதிகாரிகளும் தொண்டு நிறுவனத்தாரும் பெரும்பாலும் கையில் ஒரு பட்டியலோடுதான் ஊருக்குள் நுழைகிறார்கள். பினாயில், மெழுகுவத்தி, கம்ப்யூட்டர் சாம்பிராணி, காகிதக் கோப்பை, சணல் பை, காளான், தையல் என்று நீளும் அந்தப் பட்டியல் நாகர்கோவிலிலும் அதுதான், நாட்றம்பள்ளியிலும் அதுதான். வங்கி ஒன்றின் கிராமப்புறக் கிளைகளில் கடன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், பழைய வட ஆற்காட்டின் மேற்குப் பகுதியில் இந்தப் பட்டியல் என்ன செய்தது என்பதையும், எந்தப் பட்டியலிலும் இல்லாமல் தாமாக வந்து சேர்ந்த தொழில்கள் என்ன செய்தன என்பதையும் எழுதி வைக்கத் தோன்றியது.

ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தமிழக அரசு விதித்த தடை 2019 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. வந்த கையோடு பாக்குமட்டைத் தட்டுத் தயாரிப்புக்குக் கடன் கேட்டு விண்ணப்பங்கள் குவிந்தன. அணைக்கட்டு ஒன்றியத்தில் ஒடுகத்தூருக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றின் மகளிர் குழுவுக்கும் அப்படி ஓர் இயந்திரம் வந்து இறங்கியது. மட்டையை நீரில் ஊறவைத்துத் தேய்த்துக் கழுவி, சூடேறிய அச்சுக்கு நடுவே வைத்து அழுத்தினால் தட்டு தனியாகவும் விளிம்புக் கழிவு தனியாகவும் விழும். அதைக் கற்றுக்கொள்ள அந்தப் பெண்களுக்கு நெடுநாள் ஆகவில்லை. ஆனால் வேலூர் மாவட்டத்தில் சொல்லிக்கொள்ளும்படியான பாக்குத் தோப்பு எதுவும் கிடையாது. மட்டை கர்நாடகத்தின் ஷிமோகா பக்கத்திலிருந்து லாரியில் வர வேண்டும். கோடையில் வாங்கிச் சேமித்தால்தான் மழைக்காலத்தில் அச்சு ஓடும். சேமித்த மட்டையில் ஈரம் ஏறினால் பூஞ்சை பிடித்து, தட்டில் கரும்புள்ளி விழுந்து, கல்யாண மண்டபக்காரர் திருப்பி அனுப்பிவிடுவார். மொத்தமாக வாங்கிச் சேமிக்க முதலும் இல்லை, காய்ந்த கிடங்கும் இல்லை. மட்டை விளையும் ஊர்களிலேயே தட்டு செய்பவர்களின் சரக்கு வேலூர் மண்டித் தெருவுக்கு இவர்களுடைய விலையைவிடக் குறைவாக வந்து சேர்ந்தது.

அடுத்த முறை அங்கே போனபோது இயந்திரத்தின் மேல் பழைய புடவை ஒன்று போர்த்தப்பட்டிருந்தது. அதன் மேல் கேழ்வரகு மூட்டை இருந்தது. குழுத் தலைவி வருத்தமே இல்லாமல் சொன்னார்: "மிஷினு நல்ல மிஷின்தான் சார். மட்டைதான் நம்மூர்ல மொளைக்கல." கடன் தவணை மட்டும் ஒன்றுகூடத் தவறவில்லை. பால் ஊற்றிய காசிலிருந்தும் நூறு நாள் வேலைக் கூலியிலிருந்தும் கட்டி முடித்திருந்தார்கள். ஆகவே எங்கள் பேரேட்டில் அது வெற்றிபெற்ற தொழிற்கடன்களின் வரிசையில் ஏறியது. இப்படிப்பட்ட வெற்றிகளைக் கூட்டித்தான் ஆண்டறிக்கைகள் எழுதப்படுகின்றன என்பதால், அவற்றைப் படிக்கும்போது எனக்கு இன்றும் சற்றுத் தயக்கம் உண்டு.

உள்ளூரில் விளையும் பொருளை வைத்துத்தான் உள்ளூர்த் தொழில் அமைய வேண்டும் என்று இதிலிருந்து முடிவுகட்டத் தோன்றும். காந்தியத் தொழிற்சிந்தனை முழுவதிலும் அந்த நம்பிக்கை ஓடுகிறது. ஆனால் குடியாத்தத்தையும் பேரணாம்பட்டையும் பார்த்தவர்கள் அவ்வளவு எளிதாக அந்த முடிவுக்கு வரமாட்டார்கள். அங்கே தலைமுறை தலைமுறையாக நிலைத்திருக்கும் பீடித் தொழிலில் உள்ளூர்ப் பொருள் என்று எதுவும் இல்லை. இலை மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஒடிசா காடுகளிலிருந்து வருகிறது. புகையிலை குஜராத்திலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் வருகிறது. உள்ளூரில் உள்ளவை பெண்களின் விரல்களும், சமையலுக்கும் பிள்ளை பள்ளியிலிருந்து திரும்புவதற்கும் நடுவே அவர்களுக்குக் கிடைக்கும் துண்டு துண்டான நேரமும்தான். வாசற்படியில் காலை நீட்டி உட்கார்ந்து, மடியில் முறத்தை வைத்து, ஈரத்துணியில் சுற்றிய இலையை எடுத்துத் தகர அளவை வைத்துக் கத்தரித்து, ஒரு சிட்டிகைத் தூளை நீளவாக்கில் பரப்பி உருட்டி, நுனியை மடக்கி, நூலால் ஒரு சுற்றுக் கட்டிப் போட்டுக்கொண்டே பக்கத்து வீட்டுப் பெண்ணோடு பேசிக்கொண்டிருப்பார்கள். கண் பெரும்பாலும் இலையில் இருக்காது. அடுப்பில் சோறு பொங்கினால் முறத்தை இறக்கிவைத்துவிட்டு எழுந்து போகலாம். எந்த இயந்திரமும் எந்த ஷிப்ட்டும் இந்த வசதியைத் தருவதில்லை. தட்டு இயந்திரம் தோற்ற இடத்தில் பீடி நிலைத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு: இலையைக் கொண்டுவருவதும் சுற்றியதை விற்பதும் கம்பெனியின் தலைவலி. குழுவின் தலையில் அந்தச் சுமை ஏறவில்லை.

பொருத்தம் என்று பார்த்தால் இதைவிடப் பொருத்தமான தொழில் கிடையாது. ஆனால் அது வாழவைக்கும் தொழிலா என்பது வேறு கேள்வி. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி பேசப்படுகிறது. ஆயிரத்துக்குப் போதாத இலையைக் கொடுத்துவிட்டு, குறைந்ததைச் சுற்றுபவரே கடையில் வாங்கி நிரப்பும்படி விடுவது, கணக்குக் கொடுக்கும்போது கழிவு என்று ஒரு கைப்பிடியை ஒதுக்கிவிட்டு அதையும் எடுத்துக்கொள்வது ஆகியவை இத்தொழிலில் பழகிப்போன வழக்கங்கள். பீடித் தொழிலாளர்களுக்கென்று 1966இல் தனிச் சட்டமும், 1976இல் நல நிதிச் சட்டமும் வந்தன. அடையாள அட்டையும் பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகையும் கிடைப்பவர்கள் அவற்றால் உண்மையிலேயே பயன் பெறுகிறார்கள். இருந்தும் விலையைச் சொல்லும் இடத்தில் சுற்றுபவர் இல்லை. புகையிலைத் தூசியில் மார்பும், குனிந்தே இருந்து முதுகும் கெடுகின்றன. அந்தப் பெண்களில் எவரும் தம் மகளுக்கு இதைக் கற்றுக்கொடுக்க விரும்பி நான் பார்த்ததில்லை.

குடியாத்தத்தின் தீப்பெட்டித் தொழிலைப் பற்றி நீட்டிச் சொல்லத் தேவையில்லை. கையால் செய்ததற்கும் இயந்திரத்தால் செய்ததற்கும் இருந்த ஜி.எஸ்.டி. வேறுபாடு 2020 ஏப்ரலில் நீங்கி, இரண்டுக்கும் 12 சதவீதம் என்றானது. 14 ஆண்டுகளுக்குப் பிறகு 2021 டிசம்பரில் ஒரு ரூபாய்ப் பெட்டி இரண்டு ரூபாயானது. மலிவு லைட்டர் வந்து சந்தையைத் தின்றது. கைலித் தறிகள் விசைத்தறியிடம் இடத்தை இழந்ததும் ஏறக்குறைய இதே கதைதான்.

தோல் அப்படியில்லை. இந்த மாவட்டத்தில் தொழிலும் ஊரும் எப்படிப் பொருந்தின, பிறகு எப்படிப் பொருந்தாமல் போயின என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேறில்லை. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. பாதை பின்னர் பாலாற்றுப் பள்ளத்தாக்கின் வழியே ஜோலார்பேட்டை வரை நீண்டது. சென்னைத் துறைமுகத்தை ஒரு பகலில் எட்டிவிடலாம். ஆற்றில் ஊற்று தோண்டினால் நன்னீர். மானாவாரி நிலத்தின் வரப்பெல்லாம் ஆவாரஞ்செடி. அதன் பட்டைதான் தோலைப் பதனிடும் சரக்கு. ஜவ்வாது மலையில் கடுக்காய். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் ஆகிய ஊர்களின் முஸ்லிம் வணிகர்களிடம் முதலும் வெளிநாட்டுத் தொடர்பும் இருந்தன. இந்தக் கட்டத்தில் டேனரி என்னும் தோல் பதனிடும் ஆலை ஒரு கிராமத்தைத் தொடும்போது அங்கே பட்டை உரிப்பவரும், கடுக்காய் பொறுக்குபவரும், சுண்ணாம்பு சுடுபவரும், வண்டி ஓட்டுபவரும் அதில் பங்கு பெற்றார்கள். நாற்றமும் உப்பு நீரும் அப்போதும் இருந்தன என்றாலும், ஊர் கொடுத்ததற்கு ஊருக்கு ஏதோ திரும்பி வந்தது.

பிறகு ஆவாரம் பட்டையின் இடத்தை வாட்டில் என்னும் வெளிநாட்டு மரத்தின் பட்டை பிடித்தது. 1970களின் தொடக்கத்தில் சீதாராமையா குழுவின் பரிந்துரையை ஒட்டி, பாதி பதனிட்ட தோலாக ஏற்றுமதி செய்வதைக் குறைத்து முழுமையாக்கிய தோலாகவும் தோற்பொருளாகவும் அனுப்ப வேண்டும் என்று மத்திய அரசு கொள்கை வகுத்தது. நாட்டுக்கு அந்நியச் செலாவணி வேண்டும் என்ற அளவில் அது சரியான முடிவே. ஆனால் அதனோடு, பட்டைக்குப் பதில் குரோமிய உப்பைக் கொண்டு பதனிடும் முறை பரவியது. பட்டை உரித்தவருக்கும் கடுக்காய் பொறுக்கியவருக்கும் இருந்த சிறு பங்கும் போனது. ஆற்றுக்குப் போகும் கழிவு மட்டும் பெருகியது. தொழில் அதே இடத்தில் அதே பெயரோடு இருந்தது, கிராமத்தோடு அதற்கிருந்த உறவு மட்டும் சத்தமில்லாமல் மாறிவிட்டது. தொழில் வரைபடத்தில் இந்த மாற்றம் ஒரு புள்ளியாகக்கூடத் தெரியாது.

ஆற்றங்கரையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் கடுமையாக மாசுபடுத்தும் தொழிற்சாலைகளைப் புதிதாகத் தொடங்கக் கூடாது என்று தமிழக அரசு 1989 மார்ச்சில் ஆணையிட்டபோது, பெரும்பாலான டேனரிகள் ஏற்கெனவே கரையில்தான் இருந்தன. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று அளித்த தீர்ப்பு சட்டக் கல்லூரிகளில் இன்றும் பாடமாக இருக்கிறது. மாசு செய்தவரே அதற்கான விலையைக் கொடுக்க வேண்டும் என்ற கொள்கையை இந்நாட்டில் வலுவாக நிறுவியது அது. ஒரு கிலோ தோலுக்கு ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாவதையும், டேனரிகள் உள்ள பகுதிகளில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ பாழானதையும் தீர்ப்பு பதிவு செய்தது. அதன்படி அமைந்த இழப்பீட்டு ஆணையம் 2001இல் 29,193 பேருக்கு மொத்தம் 26 கோடியே 82 லட்ச ரூபாய் என்று கணக்கிட்டது. வகுத்துப் பார்த்தால் தலைக்கு ஏறத்தாழ 9,200 ரூபாய் வருகிறது. தென்னையும் நெல்லும் விளைந்த கிணற்றுப் பாசன நிலத்துக்குப் பதிலாக அந்தத் தொகையை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும் என்று வங்கிக்காரனாக யோசித்திருக்கிறேன். ஒரு கறவை மாடு வாங்கலாம், ஆனால் அதற்குக் குடிக்க நல்ல தண்ணீர் வேண்டும். பாலாற்று மாசு தொடர்பாக உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரி 30 அன்று மீண்டும் ஒரு விரிவான தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது.

ராணிப்பேட்டையைப் பற்றியும் ஒரு வரி. அங்கே மூடப்பட்டுப்போன குரோமேட் தொழிற்சாலை விட்டுச்சென்ற கழிவுமேட்டின் அளவு ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேல். அந்த ஊர்ச் சிப்காட்டில் 2015 ஜனவரி 31 அன்று தோல் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் தொட்டிச் சுவர் இடிந்து, உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் 10 பேர் சேற்றில் புதைந்து இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர்கள். உள்ளூர் வேலைவாய்ப்புக்காக வந்த தொழில் என்று மேடையில் பேசுபவர்கள் இதையும் சேர்த்துப் பேச வேண்டும்.

இதையெல்லாம் சொன்னதால் தோலே வேண்டாம் என்பவன் அல்லன் நான். தோலைப் பதனிடுவதற்குத்தான் ஆறு வேண்டும். பதனிட்ட தோலை வெட்டி, ஓரம் சீவி, மடித்து, தைத்து ஷூவின் மேல்பாகமாக்குவதற்குக் குடிநீரைத் தவிர அதிகம் தேவையில்லை. ஒரே பொருளின் ஒரு பாதி நீரைத் தின்கிறது, மறு பாதி மனித நேரத்தைத் தின்கிறது. நீர் இல்லாமல் ஆட்கள் மிகுந்திருக்கும் மாவட்டத்துக்கு இரண்டில் எது பொருந்தும் என்று சொல்லப் பெரிய ஆய்வு தேவைப்படாது. ஆம்பூர் பகுதியின் காலணித் தொழிற்சாலைகளும் செய்யாறு சிப்காட்டில் வந்தவையும் பல்லாயிரம் பெண்களுக்கு மாதச் சம்பளம், வருங்கால வைப்பு நிதி, ஈ.எஸ்.ஐ. ஆகியவற்றை முதன்முதலாகக் கொடுத்தன. ஆலங்காயம் பக்கம் விடியற்காலையில் சாலையில் போனால், கையில் சாப்பாட்டுப் பையோடு கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பெண்களை நிறுத்தத்துக்கு நிறுத்தம் பார்க்கலாம். அவர்கள் வங்கிக்கு வந்தால் தம் பெயரில் உள்ள சம்பளக் கணக்கின் பாஸ்புத்தகத்தை நீட்டுவார்கள். அதே ஊரின் பீடி சுற்றும் பெண் தன் கணவரையோ மகனையோ உடன் அழைத்து வருவார். கடன் பிரிவில் உட்கார்ந்திருப்பவனுக்கு அந்த வேறுபாடு எந்தப் புள்ளிவிவரத்தையும் விடப் பெரியது.

குறைகளும் இருக்கின்றன. பஸ் ஒரு மணி நேரத்தில் எட்டும் கிராமங்களுக்கே இந்த வேலை. எடுப்பது பெரும்பாலும் இளம் பெண்களை. திருமணமாகிக் குழந்தை பிறந்ததும் நின்றுவிடுபவர்கள் ஏராளம். அப்படி நின்றவர்களைத் தேடித்தான் இடைத்தரகர் வழியாகக் கைத்தையல் வேலை வீட்டுக்கு வருகிறது. மேல்பாகத்தை ஊசியும் நூலும் கொண்டு ஜோடிக்கு இவ்வளவு என்று தைத்துக் கொடுக்க வேண்டும். அதில் சம்பளப் பட்டியலும் இல்லை, ஈ.எஸ்.ஐ.யும் இல்லை, பீடியின் நியாயம் அப்படியே தோலுக்குள் புகுந்துவிடுகிறது. ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் 2024 செப்டம்பரில் கார் தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. முதலீடு 9,000 கோடி, வேலை 5,000 பேருக்கு என்றார்கள். பெரிய காலணி ஆலை ஒன்றும் அங்கே வருகிறது. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பாராட்டும் பேச்சுகளைக் கேட்டேன். சுற்றுக் கிராமங்களில் பத்தாவது படித்துவிட்டு வீட்டில் இருக்கும் பெண்ணுக்கு அந்த இரண்டில் எது வாசலுக்கு வரும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அவளுக்குக் குழந்தை பிறந்த பிறகும் வேலை தொடரும்படி காப்பகமும் பஸ்ஸும் அமையுமா என்பதுதான் நான் கேட்கும் கேள்வி.

நிலத்தோடு ஒட்டியவர்களுக்கு வேலூர் நகரமே ஒரு சந்தை. 1900இல் சிறிய மருத்துவமனையாகத் தொடங்கிய சி.எம்.சி.க்கு இன்று வங்கத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் நோயாளிகளும் துணைக்கு வருபவர்களும் நாள்தோறும் வந்து இறங்குகிறார்கள். காந்தி ரோடு, பாபுராவ் தெரு விடுதிகளில் தாங்களே சமைத்துச் சாப்பிடுகிறார்கள். அவர்கள் விரும்பும் பர்வல் என்ற வடநாட்டுக் காயும் பாகலும் மீனும் எங்கிருந்தோ வருகின்றன. பத்திருபது கிலோமீட்டர் தொலைவில் காய்கறி பயிரிடும் கிராமங்களுக்கு இதைவிடப் பக்கத்துத் தொழில் ஏது? இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததில் எல்லோரையும் போல எனக்கும் பெருமைதான். எனினும் அந்தக் காய் பறித்த சில நாட்களில் வாடிவிடும். அதன் சுவையை அறிந்து கூடுதல் விலை கொடுப்பவர்கள் இந்த வட்டாரத்துக்காரர்களே. சான்றிதழால் மட்டும் அது தொழிலாகிவிடாது.

கடைசியாக மலை. அணைக்கட்டு ஒன்றியத்தின் பீஞ்சமந்தை, பாலாம்பட்டு, ஜார்தான்கொல்லை ஆகிய மூன்று ஊராட்சிகளும் ஜவ்வாது மலைமேல் இருக்கின்றன. கம்பெனி பஸ் ஏறாத ஊர்கள். சாமையும் புளியும் அங்கே உண்டு. புளி விஷயத்தில் நடப்பது இது: காய்ப்பைப் பார்த்ததும் கீழேயிருந்து வியாபாரி வந்து மரத்துக்கு முன்பணம் கொடுத்துவிடுகிறார், மாசி, பங்குனியில் உலுக்கிய புளி ஓட்டோடு மூட்டையாகக் கீழே இறங்குகிறது. ஓட்டோடு கூடிய புளியில் ஏறத்தாழ 55 சதவீதம்தான் சதை. 34 சதவீதம் கொட்டை. மீதி ஓடும் நாரும். ஓடு உடைத்து, வெயிலில் காயவைத்து, கல்லின் மேல் வைத்துச் சுத்தியலால் தட்டிக் கொட்டையைப் பிதுக்கி, நாரை உரித்து எடுக்கும் வேலையும் அதன் கூலியும் சமவெளி ஊர்களுக்குப் போய்விடுகின்றன. கொட்டைக்கும் விலை உண்டு. பொடியாக்கினால் துணிக்குக் கஞ்சி போட ஆலைகள் வாங்குகின்றன. கொட்டை எடுத்த புளியைப் புரட்டாசி வரை வைத்திருந்து விற்றால் விலை ஏறும் என்பது மலையில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் வைத்திருக்க முடியாததற்குக் காரணம் தை மாதத்து ரேஷன் அரிசிக்கு மேல் தேவைப்படும் கைச்செலவும், மழை ஈரத்தில் புளி கறுத்துவிடும் என்ற பயமும்.

அங்கே பட்டியலோடு போனவர்கள் புளி உருண்டை பிடிக்கும் இயந்திரத்தையும் சாமை தோல் நீக்கும் இயந்திரத்தையும் காட்டினார்கள். ஊர்ப் பெரியவர் ஒருவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சுத்தி எங்ககிட்ட கீது சார். புளியை வெக்க ஓர் எடமும், புரட்டாசி வரைக்கும் கைக்குக் கொஞ்சம் காசும்தான் இல்ல" என்றார். முன்பணம் கொடுக்கும் வியாபாரியின் இடத்தில் வங்கி இருந்து, வைத்த சரக்கின் பேரில் கடன் கொடுத்தால் தீரும் காரியம் இது. நீர் வேண்டாம், பஸ் வேண்டாம், வெளியூர் மட்டையும் வேண்டாம். பெண்களுக்குத் தெரிந்த வேலை, வீட்டு வாசலில் செய்யக்கூடிய வேலை, விற்கும் நாளை அவர்களே முடிவு செய்யும் வேலை.

அந்த மலையூர்ப் பெண்களின் குழுவுக்காகத் திட்டம் ஒன்றின் மானியத்துக்கு விண்ணப்பம் எழுத உட்கார்ந்தோம். பெயர், சாதிச் சான்று, ஆதார் எண் எல்லாம் நிரப்பியாயிற்று. அடுத்த பக்கத்தில் முதல் கட்டம் "வாங்க உத்தேசித்துள்ள இயந்திரத்தின் பெயர்", இரண்டாவது "இயந்திர விற்பனையாளரின் விலைப்பட்டியல்". கிடங்கு என்று எழுதிக் கொடுத்தோம். இயந்திரம் குறிப்பிடப்படவில்லை என்று திரும்பி வந்தது. இப்போது தராசு ஒன்றின் விலைப்பட்டியலை இணைத்து மறுபடியும் அனுப்பியிருக்கிறோம்.